ஹாஸ்டல் தோழிக்குப் பாலியல் வன்முறை நடந்துவிட்டால் கூட இருப்பவர் என்ன செய்வது, கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவி கேட்டிருக்கிறார்: “கூடத் தங்கியிருக்கும் தோழி, தனக்குப் பாலியல் வன்முறை நடந்ததாகச் சொன்னால் நான் முதலில் என்ன செய்ய வேண்டும்? எங்கள் மாணவர் குழு பாலியல் நலம் பற்றியும் ஏதாவது நிகழ்ச்சி நடத்த நினைக்கிறது. இரண்டும் வேறு வேறு விஷயம், சேர்த்துப் பேசாதீர்கள் என்கிறார் பொறுப்பாசிரியர். அது சரியா?”

சரியில்லை. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதிலும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் சில கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுவில், ஐசி என்று சொல்வோமே, அதில் வெளி உறுப்பினராக இருந்திருக்கிறேன். அங்கே வந்த புகார்களில் எனக்கு எப்போதும் உறுத்தியது தாமதம். நடந்து வாரக்கணக்கில் ஆன பிறகு, சில சமயம் ஒரு செமஸ்டரே முடிந்த பிறகு வருவார்கள். ஏன் இவ்வளவு நாள் என்று குழு கேட்கக் கூடாது, ஆனால் அவர்களே சொல்லிவிடுவார்கள். போலீசுக்குப் பயந்தேன் என்று சொன்னவர்கள் குறைவு. வார்டன் வீட்டுக்கு போன் போட்டுவிடுவார், அப்பா படிப்பை நிறுத்திவிடுவார், அவனோடு எதற்குப் போனாய் என்று கேட்பார்கள், இதுதான் பயம். மாதவிடாய் தள்ளிப் போனதைக்கூட யாரிடமும் சொல்ல முடியாத ஹாஸ்டலில் ஒரு பெண் இதை மட்டும் எப்படி வாய் திறந்து சொல்வாள்? மருத்துவத்தில் இதற்கு 72 மணி நேரம் என்று ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு கடந்துபோவது பெரும்பாலும் விவரம் தெரியாததாலும் வெட்கத்தாலும்தான். அந்த இரண்டையும் சரிசெய்வதுதானே பாலியல் நலக் கல்வியின் வேலை? அப்புறம் எப்படி இரண்டும் வேறு விஷயம் ஆகும்?

சரி, தோழிக்கு வருவோம்.

அவள் சொல்லும்போது கேளுங்கள். “நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் தப்பில்லை” என்ற இரண்டு விஷயம் அவள் காதில் விழுந்தால் போதும். முழு விவரத்தையும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீங்கள் விசாரணை அதிகாரி இல்லை. பின்னால் அவள் அதை டாக்டரிடம், போலீசிடம், மாஜிஸ்திரேட்டிடம் என்று பலமுறை சொல்ல வேண்டி வரலாம், அந்தப் பட்டியலில் நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம். ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தாலும் விழுங்கிவிடுங்கள். பயத்தின் உச்சத்தில் உடம்பு அசைய மறுத்து உறைந்து போவது உண்டு, அது அவள் தேர்ந்தெடுத்தது இல்லை. ஸ்வீடனில் பாலியல் வல்லுறவுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் கணிசமான அளவுக்கு உறைந்து போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே போல அவள் அழாமல் சாதாரணமாகப் பேசினாலும், சம்பவத்தை முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னாலும், அதற்கு அடுத்த நாள் இன்டர்னல் தேர்வு எழுதப் போனாலும் சந்தேகப்படாதீர்கள். அதிர்ச்சி எல்லாருக்கும் ஒரே முகத்தோடு வருவதில்லை.

ஆறுதலுக்காகக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால்கூடக் கேளுங்கள். அவளுடைய உடம்பின் மேல் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஒருவன் சற்று முன் காட்டியிருக்கிறான். இனி நடக்கும் ஒவ்வொரு சின்ன விஷயத்திலும், தண்ணீர் வேண்டுமா என்பது முதல் ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்பது வரை, முடிவு அவளுடையதாக இருக்கட்டும். நல்ல எண்ணத்தில் அவளுக்குத் தெரியாமல் அவள் அக்காவுக்கு மெசேஜ் போடுவது, வகுப்புத் தோழர்களிடம் சொல்லி அவனை “கவனிக்க” ஆள் சேர்ப்பது, ஸ்டேட்டஸில் மறைமுகமாக எழுதுவது எல்லாம் அவள் கையிலிருந்து முடிவை மறுபடியும் பிடுங்குவதுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன், முதலாண்டு மாணவிகள் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அவளுக்கு இன்னும் 18 முடியவில்லை என்றால் இது சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரும், தெரிந்தவர்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. ஜூலையில் கல்லூரி சேரும்போது 17 வயதாக இருப்பவர்கள் கணிசம். அதனால் “யாரிடமும் சொல்லவே மாட்டேன்” என்று சத்தியம் செய்வதற்கு முன் வயதை யோசியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அவளுக்கு முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன: ஆஸ்பத்திரி, போலீஸ், கல்லூரியின் ஐசி. ஒன்றுக்குள் போக இன்னொன்றின் அனுமதிச் சீட்டு தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் சிகிச்சை கிடையாது என்று ஒரு ஆஸ்பத்திரி சொன்னால் அது சட்டவிரோதம். ஐசி-யில் முதலில் புகார் கொடு, போலீசுக்கு அப்புறம் போகலாம் என்று கல்லூரி சொன்னால் அதுவும் தப்பு. மூன்றிலும் மிக வேகமாக மூடுவது ஆஸ்பத்திரிக் கதவு. போலீஸ் புகாரைப் பற்றி முடிவெடுக்க அவளுக்கு நாள் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்கு இன்றே போவது நல்லது என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்க வேண்டும்? காயத்துக்குச் சிகிச்சை. கர்ப்பத்தைத் தடுக்க 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை ஒன்று, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அந்த நேரம் தாண்டினாலும் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுத் தடுக்க முடியும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து, பெப் என்பார்கள், அதுவும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் மிக நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இந்த 28 நாள்தான் ஹாஸ்டலில் சிக்கல். தினமும் மாத்திரை போடுவதை யாராவது பார்த்துக் கேட்பார்களே என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அறைத்தோழியாக நீங்கள் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் அதுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி, மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக், இவையும் உண்டு. ஆரம்பத்தில் எடுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை அன்றைய நிலையை மட்டும்தான் காட்டும், டாக்டர் சொல்லும் தேதிகளில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும்.

தடயம் எடுப்பது தனி விஷயம். 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி 96 மணி நேரம் வரை உடலிலிருந்து மாதிரி எடுக்கலாம். குளிக்காமல், உடை மாற்றாமல் போனால் தடயம் நன்றாகக் கிடைக்கும். மாற்றிய உடையைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், ஈரத்தில் கெட்டுப்போகும். ஏற்கெனவே குளித்துவிட்டாள் என்றால்? பரவாயில்லை, போகலாம். குளிக்காமல் யார் இருப்பார்கள்? அதைச் சொல்லி அவளைக் குற்றவாளியாக்க வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவள் சம்மதம் தேவை. சிகிச்சைக்குச் சரி, தடயம் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. இரு விரல் பரிசோதனை என்று ஒரு அசிங்கம் நம் ஆஸ்பத்திரிகளில் நடந்துகொண்டிருந்தது. அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது, 2022-ல் இனி அதைச் செய்கிறவர்கள் தவறான நடத்தைக்காக நடவடிக்கைக்கு உள்ளாவார்கள் என்றே சொல்லிவிட்டது. யாராவது ஆரம்பித்தால் கூட இருக்கும் நீங்கள் நிறுத்தச் சொல்லலாம்.

அரசு ஆஸ்பத்திரி மட்டும் இல்லை, தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் கொடுத்தாக வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு அது. மறுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. அதே 397, ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது, இதை அவளிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகவல் போனாலும் வழக்கை முன்னெடுக்க விருப்பமில்லை என்று அவள் சொல்லலாம், அந்த மறுப்பை எழுத்தில் பதிவு செய்துகொண்டு டாக்டர் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் பொரிந்து தள்ள வேண்டும் போல இருக்கிறது. இந்தியா முழுக்க மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய இந்த அவசரக் கருத்தடை மாத்திரை, தமிழ்நாட்டில் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்பில் பல வருஷமாகவே கிடைப்பதில்லை. தடை என்று எந்த உத்தரவும் கிடையாது. கேட்டால் “ஸ்டாக் இல்லை”, “அதெல்லாம் இங்கே விற்கிறதில்லை” என்பார்கள், கூடவே ஒரு பார்வை. இது கருவைக் கலைக்கும் மாத்திரை என்று கடைக்காரர்களே நம்புகிறார்கள். கலைக்காது, கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இது ஒன்றும் செய்யாது. ஆக, அவளைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக அலையாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குடும்ப நலப் பிரிவில் இலவசமாகவே இருக்க வேண்டிய பொருள் அது.

எல்லாம் தாண்டி கர்ப்பம் என்று தெரிந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டத்தின்படி வல்லுறவால் வந்த கர்ப்பத்தை 24 வாரம் வரை கலைக்கலாம், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவு போதும், அதற்கு மேல் இரண்டு டாக்டர்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். அப்பா கையெழுத்து, கணவர் கையெழுத்து எதுவும் சட்டத்தில் கிடையாது. கல்யாணம் ஆகாதவர், ஆனவர் என்று வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடைமுறையில் “வீட்டிலிருந்து யாராவது வந்தாங்களா” என்று கேட்கும் நர்ஸ் இருக்கத்தான் செய்வார்.

போலீஸ் கதவு. எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் சீரோ எஃப்.ஐ.ஆர். கொடுக்கலாம், அவர்கள் மாற்றி அனுப்ப வேண்டும். வல்லுறவு வழக்கில் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ வாங்க வேண்டும், ஸ்டேஷனில் மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டியதில்லை. பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், எண் 15100. இழப்பீடும் அந்த ஆணைக்குழு வழியாகத்தான், 2018-ன் தேசியத் திட்டத்தில் வல்லுறவுக்குக் குறைந்தது 4 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். இது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்து மாவட்ட ஒன் ஸ்டாப் சென்டரைக் கேளுங்கள், அங்கே தற்காலிகமாகத் தங்கவும் முடியும்.

பேர் வெளியே வந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. சட்டப்படி பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் 2024 டிசம்பர் 23-ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஒரு மாணவிக்குப் பாலியல் வன்முறை நடந்த வழக்கில் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். எஃப்.ஐ.ஆர். அப்படியே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதமே அந்தப் பெண்ணைக் குறை சொல்வது போல இருக்கிறது என்று கடிந்துகொண்டது, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, கசிவுக்காக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது, பல்கலைக்கழகம் கட்டணம் வாங்காமல் படிப்பை முடிக்க வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2025 ஜூன் 2-ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது, குறைந்தது 30 ஆண்டு தண்டனைக் குறைப்பு இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். சம்பவத்திலிருந்து தீர்ப்பு வரை ஆறு மாதம்கூட ஆகவில்லை, நம் நாட்டில் இது அபூர்வம்.

அந்த வழக்கைப் பற்றிப் பேசியவர்கள் சிசிடிவி, சுற்றுச்சுவர், காவலாளி என்று நிறையப் பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறு. ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பதை வீடியோ எடுத்தேன், அதைக் காட்டிவிடுவேன் என்ற மிரட்டல்தான் அங்கே முதல் ஆயுதம். காதலனோடு உட்கார்ந்திருந்ததே குற்றம் போலப் பார்க்கும் வீடும் கல்லூரியும் இருப்பதால்தான் அந்த ஆயுதம் வேலை செய்கிறது. அதற்கு அப்புறமும் பல கல்லூரிகள் என்ன செய்தன? பெண்கள் ஹாஸ்டல் கதவை இன்னும் அரை மணி நேரம் முன்னால் பூட்டின. மிரட்டுகிறவனுக்கு அதைவிட வசதி வேறு என்ன இருக்கிறது?

படம், வீடியோ வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், அவன் சொன்ன இடத்துக்குப் போகாதீர்கள், சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் முகவரியையும் தேதியையும் குறித்துக்கொண்டு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளத்தில் படத்தை ஏற்றாமலே அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் உருவாக்கிக் கொடுக்கலாம், அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அந்தப் படம் பரவாமல் தடுக்கும். அந்தரங்கப் படம் பற்றிப் புகார் வந்தால் நீக்குவதற்கு 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரம் கெடு வைத்தன.

இனி ஐசி. வேலையிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றி 1997-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்பு, அதே விஷயத்துக்கு 2013-ன் சட்டம், பிறகு கல்லூரிகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015 விதிமுறைகள், இப்படித்தான் இது வந்தது. மாணவர்களுக்கு அந்த 2015 விதிமுறைகள்தான் முக்கியம், ஆனால் அதைப் படித்த முதல்வர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் என்ன இருக்கிறது என்றால், துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் மூன்று மாணவர்கள் உறுப்பினராக இருக்க வேண்டும், அதுவும் தேர்தல் வழியாக வந்தவர்கள். உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் நடந்ததாக ஞாபகம் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியை மாணவர் குழு எழுத்தில் கேட்டாலே நிர்வாகம் நிமிர்ந்து உட்காரும்.

புகார் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அவளால் உடலாலோ மனதாலோ முடியாத நிலையில் தோழியோ, உறவினரோ, மனநல ஆலோசகரோ புகார் கொடுக்கலாம். கல்லூரிப் பேருந்து, களப்பயணம், இன்டர்ன்ஷிப் எல்லாம் வளாகம் என்றே கணக்கு. விசாரணை நடக்கும்போது அவளுக்கு வருகைப் பதிவில் தளர்வு, விடுப்பு, துறை மாற்றம், வேறு கைடு கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஆசிரியராக இருந்தால் அவர் கையில் அவள் விடைத்தாளோ இன்டர்னல் மார்க்கோ இருக்கக் கூடாது. நான் உட்கார்ந்த குழுக்களில் முதல் நாளே இந்த இடைக்கால ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிய மாணவிகள்தான் கடைசி வரை தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்கள் பாதியில் புகாரை வாபஸ் வாங்கினார்கள், காரணம் பயமில்லை, அட்டெண்டன்ஸ். ஆய்வு மாணவிகள் நிலைமை இன்னும் மோசம், கைடு ஒரு கையெழுத்தை மறுத்தால் நான்கு வருஷ உழைப்பு போச்சு. அவர்கள் சமரசத்துக்கு ஒத்துக்கொள்வதைச் சம்மதம் என்று நான் கணக்கில் எடுப்பதே இல்லை. சமரசம் அவள் கேட்டால் மட்டும்தான் பேசப்பட வேண்டும், பணம் அதற்கு அடிப்படையாக இருக்கவே கூடாது. அப்புறம், நிரூபிக்க முடியாமல் போன புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. முதலாவதற்காக அவள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் நடவடிக்கை வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் நடந்தது இருக்கிறது. பி.எட். மாணவி ஒருவர் துறைத் தலைவர் மேல் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார், எதுவும் நடக்கவில்லை என்று உயிரையே மாய்த்துக்கொண்டார். துறைத் தலைவரையும் முதல்வரையும் போலீஸ் கைது செய்தது அதற்குப் பிறகுதான். ஐசி-யில் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கூட இருப்பவர்கள் நகர்ந்துவிடக் கூடாது. புகார் பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள், ஒவ்வொரு தேதியையும் குறித்து வையுங்கள்.

பையன்களுக்கும் திருநர் மாணவர்களுக்கும் இது நடக்கிறது. ராகிங் என்ற பேரில் ஆண்கள் ஹாஸ்டலில் நடப்பதில் பலவும் பாலியல் வன்முறைதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஐசி-யில் அவர்களும் புகார் கொடுக்கலாம், 2015 விதிமுறைகள் ஆண், மூன்றாம் பாலின மாணவர்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் ஆண் மேல் நடக்கும் வல்லுறவுக்கும் பயன்பட்ட பழைய 377-ஆவது பிரிவு இல்லை, வல்லுறவுப் பிரிவு பெண்ணுக்கு மட்டும்தான், ஆக ஒரு ஆண் மாணவர் போலீசுக்குப் போனால் தாக்குதல், காயம் போன்ற பிரிவுகளில்தான் அடைக்க வேண்டியிருக்கிறது. திருநர் மேல் பாலியல் வன்முறை செய்தவருக்கு 2019-ன் திருநர் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறைதான். பெரிய ஓட்டை இது. மருத்துவம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், பெப் மாத்திரைக்குப் பாலினம் கிடையாது.

முதல் வாரம் எல்லாரும் கூட இருப்பார்கள், இரண்டாவது மாதத்தில்தான் அவள் தனியாகிவிடுவாள். தூக்கம் வராது, குறிப்பிட்ட ஒரு வாசனைக்கு உடம்பு நடுங்கும், கிளாஸுக்குப் போக முடியாது. சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எரிந்து விழுவாள். அப்போது “இன்னுமா அதையே நினைக்கிறாய்” என்று கேட்காமல் இருப்பவர்தான் தோழி. சாக வேண்டும் போல இருக்கிறது என்று அவள் சொன்னால் தனியாக விடாதீர்கள், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் அது பொருந்தும். கேட்டுக்கொண்டே இருப்பவருக்கும் தூக்கம் போகும். இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யார் யார் என்பதை அவளே சொல்லட்டும்.

பாலியல் நல நிகழ்ச்சிக்கு எங்கே போய் அனுமதி கேட்பது என்று யோசிக்கிறீர்களா? புதிதாக ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் செஞ்சுருள் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது, டிசம்பர் 1-ஆம் தேதி பேரணி, கோலப் போட்டி என்று முடிந்துவிடும். அந்தப் பேரிலேயே நடத்துங்கள், பொறுப்பாசிரியரால் மறுக்க முடியாது. மேடை, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம், முப்பது பேருக்கு மேல் ஒரு கூட்டத்தில் வேண்டாம். ஒரு வாரம் முன்பே பேர் எழுதாத கேள்விகளைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். உங்கள் கல்லூரியில் பாடம் எடுக்காத டாக்டரை, தமிழில் கூசாமல் பேசுபவரைக் கூப்பிடுங்கள். கேள்விகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்: வெள்ளைப்படுதல் எந்த நிறத்தில் இருந்தால் கவலைப்பட வேண்டும், மாதவிடாய் வராவிட்டால் எப்போது டெஸ்ட் எடுப்பது, முதல் முறை ரத்தம் வராவிட்டால் கன்னித்தன்மை இல்லையா (அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை), கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி கல்லூரி வயதில் போடலாமா. போடலாம், 15 வயதுக்கு மேல் என்றால் மூன்று டோஸ், ஆண்களும் போட்டுக்கொள்ளக்கூடிய வகை உண்டு.

ஆண்கள் ஹாஸ்டலை விட்டுவிடாதீர்கள். அங்கே பெட்டியில் விழும் சீட்டுகளில் பெரும்பகுதி சுயஇன்பம், அளவு, நரம்புத் தளர்ச்சி. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்கள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். சுயஇன்பத்தால் எந்த நோயும் வராது என்று ஒரு டாக்டர் நேரில் சொல்லும்போது அந்த அறையில் தோள்கள் இறங்குவதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு சம்மதம் பற்றிப் பேசினால் காது கொடுக்கிறார்கள். முதலிலேயே “பெண்களை மதியுங்கள்” என்று ஆரம்பித்தால் போனை எடுத்துவிடுவார்கள். சம்மதம் பற்றிப் பேசும்போதும் சட்டப் பிரிவை அடுக்காமல் அவர்கள் வாழ்க்கையில் இருந்தே கேளுங்கள்: நேற்று சரி என்றவள் இன்று வேண்டாம் என்கிறாள், குடித்திருக்கிறாள், பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்கிறாள், பாஸ்வேர்டு கொடு என்று நீ கெஞ்சிக்கொண்டே இருக்கிறாய், இதில் எங்கே சம்மதம் இருக்கிறது? விவாதம் சூடாகும், ஆகட்டும்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்தில் இலவசம், 2017-ன் சட்டப்படி சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. இதையும் சொல்லுங்கள், ஒரு முறை கூட்டிப் போய் எந்த வாசல், எந்த அறை என்று காட்டிவிட்டால் இன்னும் நல்லது. அவசரத்தில் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பட்ஜெட் ஐநூறு ரூபாய்தான் என்றால் வேறு எதுவும் செய்ய வேண்டாம், ஒரு தாள் அச்சடியுங்கள். 181, 112, 15100, 14416, எச்.ஐ.வி. உதவி எண் 1097, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் பெயர், ஐசி-யின் வெளி உறுப்பினர் எண், கீழே பெரிய எழுத்தில் “72 மணி நேரம், எஃப்.ஐ.ஆர். தேவையில்லை”. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நின்று படிக்க யாருக்கும் தைரியம் வராது. கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், ஆண்கள் ஹாஸ்டலிலும் சேர்த்து. வார்டன் கிழித்தால் மறுபடி ஒட்டுங்கள்.